வெத்துச்சீட்டு பிலோமி

ஒரு ஊர்ல ஒரு பிலோமி இருந்தாளாம். மலையடிவாரத்துல ஒரு பஸ் கம்பெனி, அங்க அவ டிரைவர். லைசென்ஸ் கையில இருக்கு, வண்டிதான் கைக்கு வரல. ஏன்னு கேளு. அங்க வண்டியைவிட டிரைவருங்க ஒரு ஆள் அதிகம். அதனால முதலாளி மாசிலாமணி அண்ணாச்சி தினமும் காலையில தூக்குவாளியில சீட்டுப் போட்டுக் குலுக்குவாரு. சரக் சரக்! வண்டி பேரு வந்தா ஓட்டணும். வெத்துச்சீட்டு வந்தா எல்லா வண்டியையும் கழுவணும். கேக்குறியா செல்லம்?

ம்.

மொத நாள் எடுத்தா, வெத்து. "பக்கெட் அந்தப் பக்கம் இருக்கு தாயி"ன்னு சிரிச்சான் தங்கமுத்து. அவனும் டிரைவர்தான், நல்ல சீட்டு எப்பவும் அவனுக்குத்தான். கழுவுற இடமோ ரெண்டு சுவத்துக்கு நடுவுல ஒரு சந்து. ரிவர்ஸ்லயேதான் உள்ள விடணும். டுர்ர்ர்... டமார்! அண்ணாச்சிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா.

அப்புறம் மறுநாள். மறுபடியும் வெத்து. டுர்ர்ர்... கிறீச்ச்! இடிக்கல, உரசுச்சு. அப்புறம் வெத்துக்கு மேல வெத்து. அழுதுக்கிட்டே கழுவுவா, ஆனா ஒழுங்கா கழுவுவா. கடைசியில எந்த வண்டியானாலும் சுவத்துக்கு ஒரு விரல் இடம் விட்டு, சர்ர்ருன்னு உள்ள விட்டுடுவா.

அப்போ மலை உச்சி மாதா கோயில் திருவிழா வந்துச்சு. பழசு ஒண்ணைக் குடுத்துட்டுப் புது பஸ் வாங்கினாங்க, ரயில் பெட்டி மாதிரி நீளம். அதையும் பிலோமிதான் சந்துக்குள்ள விட்டுக் கழுவினா. "இதை மேல கொண்டு சேக்குறவங்களுக்கே இந்த வண்டி. அப்புறம் சீட்டே எடுக்க வேணாம்"னாரு அண்ணாச்சி. சரக் சரக்! புது பஸ் தங்கமுத்துக்கு. பிலோமிக்கு?

வெத்து!

வெத்துதான்டா செல்லம். "நிக்காத, கட்டை போட வா"ன்னாரு அண்ணாச்சி. மேட்டுல வண்டி பின்னாடி உருளாம சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கணும்ல, அதுக்கு.

மலையில ஏறுச்சு பஸ். கடைசி வளைவுல, டக்! குறுக்கால மாட்டிக்கிச்சு. முன்னால பாறை, பின்னால கிடுகிடு பள்ளம். பிலோமி ஓடிப்போய்க் கட்டையை வச்சா. சனமெல்லாம் "மாதாவே!"ன்னு இறங்கிடுச்சு. தங்கமுத்தும் ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கீழ குதிச்சுட்டான். "எனக்கு முன்னாடி போகத்தான் தெரியும் அண்ணாச்சி!"

பிலோமிக்கு மட்டும் பயமில்லையா? இருந்துச்சு. ஆனா இந்த வண்டியோட வாலு எதுவரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கும்னு கழுவின கைக்குத் தெரியும். "அண்ணே, கட்டையை நீங்க பிடிங்க"ன்னு தங்கமுத்துகிட்ட சொல்லிட்டு ஏறி உக்காந்தா.

"பக்கெட் பொண்ணா!"ன்னு ஒரு பெரியம்மா தலையில கை வச்சாங்க.

டுர்ர்ர்... கொஞ்சம் பின்னாடி. நில்லு! கட்டை. கொஞ்சம் முன்னாடி, ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பு. மறுபடி பின்னாடி, பள்ளத்துக்கு ஒரு விரல் இடம் விட்டு. நில்லு! அப்புறம்... வ்ர்ரூம்! திரும்பிடுச்சு! பாங் பாங்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு, எல்லாரையும் ஏத்திக்கிட்டு, கோயில் வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தினா. கொட்டு முழங்குது, வெடி வெடிக்குது. பெரியம்மா சாமிக்கு வச்சிருந்த மாலையைப் பஸ்ஸுக்குப் போட்டுட்டாங்க!

"அதிர்ஷ்டக்காரிடி நீ. நான் கீழ இறங்கலன்னா வண்டி உனக்கு ஏது?"ன்னான் தங்கமுத்து.

"உண்மைதாண்ணே. அந்த அதிர்ஷ்டமே ரிவர்ஸும் எடுத்துச்சு பாருங்க!"

அவனுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அண்ணாச்சி சாவியை அவ கையில குடுத்துட்டாரு. மறுநாள் தூக்குவாளியில சீட்டு எடுத்தான் தங்கமுத்து. என்ன வந்துச்சு?

வெத்து...

"பக்கெட் அந்தப் பக்கம் இருக்கு அண்ணே!"

கதை ஷெட்டுக்குப் போயிடுச்சு, கட்டையும் வச்சாச்சு, கண்ணை மூடு செல்லம்.