கல்யாண மண்டபத்தில் மூன்று மௌனங்கள்

கதை முடிவில் ஒரு கேள்வி கேட்பேன்; விடை சொல்லத் துடிக்கிறவர்கள் அதுவரை கொஞ்சம் பொறுங்கள். பாதிக் கதையிலேயே நியாயம் சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். உள்விவகாரங்கள் எல்லாம் எனக்குப் பிற்பாடு சம்பந்தப்பட்டவர்களே சொன்னவை.

செண்பகா நகரில் அறுபத்திரண்டு வீடுகள். அதையொட்டிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பதினெட்டு கிராமங்களிலிருந்து தொள்ளாயிரம் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். பள்ளியின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் வெறுமனே கிடந்த அரசு நிலத்தில் மாவட்டச் சிறை வரப்போகிறது என்று செய்தி வந்ததும் நகருக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வீடு கேட்டில் கருப்புக் கொடி ஏறியது. "பொம்பளப் பிள்ளைக படிக்கிற இடத்துல ஜெயிலா?" என்று டீக்கடையில் பேச்சு, பால் பூத்திலும் அதே பேச்சு. பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

போராட்டத்துக்குத் தலைவர் ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற சர்வேயர். குரல் கொஞ்சம் பெரிது. வெயிலில் வீடுவீடாக அலைந்து கையெழுத்து வாங்கியவரும் அவர்தான்.

கடைசி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள் உலகம்மாள். அவள் மகன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருப்பதாகத்தான் நகர் முழுக்க நம்பியது. உண்மையில் அவன் ஏழு மணி நேரப் பஸ் பயணத் தொலைவில் ஒரு சிறையில் இருந்தான். அடிதடி வழக்கு, இரண்டு வருஷமாகியும் விசாரணை முடியவில்லை. முட்டி வலியோடு மாதம் ஒருமுறை போய் வருவாள். கம்பிவலைக்கு இந்தப்பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மகன் சொல்வதில் பாதி காதில் விழாது.

ஆவுடையப்பன் தாளை நீட்டியபோது அவளும் கையெழுத்துப் போட்டாள், கொடியும் கட்டினாள். கட்டிய நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சிறை இங்கே வந்தால் இந்த மாவட்டத்துக் கைதிகளை இங்கேயே மாற்றிவிடுவார்கள், வாராவாரம் மகனைப் பார்க்கலாம். ஆனால் மாவு வாங்குகிற அத்தனை பேர் கண் முன்னே வரிசையில் நிற்க வேண்டும். எழுந்து கேட்டுவரை போவாள், கொடியைத் தொட்டுப் பார்ப்பாள், அவிழ்க்காமல் திரும்பி வருவாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். போன சித்திரையில் அதே சிறை வாசல் வரிசையில் ஆவுடையப்பனைப் பார்த்திருந்தாள். உள்ளே இருக்கும் தன் தம்பியின் பெயரைச் சொல்லி அவர் டோக்கன் வாங்கியது அவள் காதிலும் விழுந்தது. அவரும் இவளைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு இருவருமே மூச்சு விடவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. நிற்கக்கூட இடமில்லை. மேடையில் கோட்டாட்சியர், பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியை எஸ்தர் ராஜம். பள்ளியில் எஸ்தர் டீச்சரின் மேஜை இழுப்பறையில் ஒன்பது மாணவிகளின் விடுப்புக் கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு கிராமம். அப்பாவைப் பார்க்கச் சிறைக்குப் போகிறோம் என்ற காரணம் மட்டும் ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாரும் வேண்டாம் என்று பேசி முடித்ததும் கோட்டாட்சியர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஜெயில் பக்கத்துல வந்தா உதவியா இருக்கும்னு சொல்ற குடும்பம் இங்க ஏதாச்சும் இருக்கா? அதையும் நான் ரிப்போர்ட்ல எழுதணும்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகம்மாள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"எம் மவன் ஜெயில்லதான் சார் இருக்கான். பெங்களூர்னு நான் சொன்னது பொய். பக்கத்துல வந்தா வாரம் ஒருக்கா அவன் மொகத்தப் பாப்பேன்."

மண்டபம் கொதித்தது. ஆவுடையப்பன் கைகாட்டி அடக்கிவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு குடும்பத்துக்காக ஊரே பயந்து சாகணுமா சார்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கோட்டாட்சியர் அவளிடம், "ஒருத்தர வெச்சு நான் எழுத முடியாதும்மா. இன்னும் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

உலகம்மாள் ஆவுடையப்பனை நேராகப் பார்த்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடையப்பனும் வாய் திறக்கவில்லை. எஸ்தர் டீச்சர் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார், அவரும் பேசவில்லை. சிறை வேறு ஊருக்குப் போனது. உலகம்மாளிடம் மாவு வாங்குவதைப் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள்.

மூவரும் ஒரே கேள்விக்கு மௌனமாக இருந்தார்கள். இதில் யாருடைய மௌனம் சரி?

விடை: ஆவுடையப்பன் தப்பு என்று எல்லாரும் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அவர் பயந்த அதே வரிசைக்குத்தான் உலகம்மாளும் பயந்தாள். அவள் அந்தப் பயத்தைத் தாண்டினாள், அவர் தாண்டவில்லை. உலகம்மாள் இன்னொருவர் இருக்கிறார் என்று சொல்லியிருந்தால், அறுபத்திரண்டு வீட்டில் அது யார் என்று தோண்டி எடுக்க ஒரு நாள் போதும். தன் மானத்தைக் கொடுத்தவள் அடுத்தவர் மானத்தைக் கொடுக்கவில்லை; அவள் மௌனம் மட்டுமே சரி. எஸ்தர் டீச்சரின் மௌனம்தான் பெரிய தப்பு. பதினெட்டு கிராமம், தொள்ளாயிரம் பிள்ளைகள். ஒன்பது என்று எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் ஒருவர் பெயரும் வெளியே வந்திருக்காது. நானும் அன்று மண்டபத்தில் இருந்தேன், ஆவுடையப்பனுக்குக் கை தட்டினேன். உலகம்மாள் தனியாக வெளியே நடந்தபோது காலை மடக்கி வழிவிட்டேனே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.