ரெண்டு வண்டி, ஒரே லைன்

மந்தியூர்ல இருந்து சந்தப்புதூருக்கு ஒரே ஒரு ரயில் லைன். அதுல பொம்மை மாதிரி ரெண்டு குட்டி வண்டி. ஒருநாள் அதிகாரி ஒருத்தர் வந்தாரு.

"இனிமே சர்க்கார் ஓட்டாது. ஆளுக்கொரு வண்டிய வாங்கிக்கங்க. போட்டி போட்டு ஓட்டுங்க. ஜனங்க நல்ல வண்டியா பாத்து ஏறுவாங்க, எல்லாம் தானா சரியாயிடும்."

சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. அவரு ரயில்ல போகலயேன்னு ஒருத்தருக்கும் தோணல.

ஒச்சப்பன் ஒரு வண்டிய வாங்குனாரு, சோணை இன்னொண்ண வாங்குனாரு. ஒண்ணாக் கிளம்புனாத்தான் போட்டின்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்ப முடிவு பண்ணாங்க. ஒச்சப்பன் வண்டி முன்னால, சோணை வண்டி அதுக்குப் பின்னால.

அன்னைக்கு மந்தியூர்த் தவசிக்குக் கல்யாணம். பொண்ணு பவுனுத்தாயி சந்தப்புதூர்க்காரி. உச்சிப்பொழுதுக்குள்ள தாலி ஏறலன்னா அவள அத்தை மகனுக்கே கட்டிக் குடுத்துருவேன்னு அவ அப்பா சொல்லியிருந்தாரு.

சோணை வண்டியில ஆளுக்கொரு வடை குடுத்தாங்க. மாப்பிள்ளை வீடு மொத்தமும் அதுலயே ஏறிடுச்சு.

பாதி வழியில ஒச்சப்பன் வண்டிய நிறுத்திட்டாரு.

"யோவ், எடுய்யா!"ன்னாரு சோணை.

"ஆளே இல்லாம எதுக்கு ஓட்டணும்? டீசல் என்ன வானத்துல இருந்தா கொட்டுது?"

"அப்ப வழி விடு!"

"எங்கிட்டு விடுறது, கத்திரிக்காத் தோட்டத்துலயா?"

தவசி இறங்கி ஓடி வந்தான். "அண்ணே, பொழுது ஏறுதுண்ணே!"

"என் வண்டியில ஏறு, உடனே எடுக்குறேன்."

எல்லாரும் இறங்கி முன்னால ஓடுனாங்க. ஏறுனதும் ஒச்சப்பன் டிக்கெட் வெலய ஏத்திட்டாரு. பின்னால சோணை, "இங்க ரெண்டு வடை!"ன்னு கத்துனாரு. கூட்டம் திரும்பிப் பின்னால ஓடுச்சு. ஒச்சப்பன் மறுபடி எஞ்சின அணைச்சாரு.

"நடந்தே போயிடலாமா?"ன்னான் தவசி.

"டிக்கெட் எடுத்துட்டு எவனாச்சும் நடப்பானாடா?"ன்னாரு தாய்மாமன், வாய் நிறைய வடையோட.

கடைசியில ரெண்டு மொதலாளிகளும் உக்காந்து பேசுனாங்க.

"லைன் ஒண்ணுதான், அதான் கோளாறு."

"யாரு சொன்னா ஒண்ணுன்னு? நல்லாப் பாரு, ரெண்டு இரும்பு ஓடுது."

"அட ஆமா! இடது உனக்கு, வலது எனக்கு."

"என் இரும்புல உன் சக்கரம் படக்கூடாது."

வண்டிய ஆளுக்கொரு இரும்புல ஏத்தக் கல்யாணக் கூட்டம் கடப்பாரையோட எறங்கி நெம்புச்சு. ஒச்சப்பன் வண்டி இடது பக்கத் தோட்டத்துல சாஞ்சுது, சோணை வண்டி வலது பக்கம் சாஞ்சுது.

"நாந்தான் மொதல்ல சாஞ்சேன்!"ன்னாரு ஒச்சப்பன்.

"சாஞ்சா போதுமா? என் வண்டிதான் சந்தப்புதூரப் பாத்து சாஞ்சிருக்கு!"

அப்பதான் மொபெட் சத்தம். பவுனுத்தாயி ஓட்டுறா, பின்னால அவ அப்பா.

"கட்டுறியா, அத்தை மகன்கிட்டயே திரும்பிப் போகவா?"ன்னா.

தவசி வரப்புலயே தாலியக் கட்டுனான். அவசரத்துல ஒரு முடிச்சு கூடுதலா விழுந்துச்சு, யாரும் அவுக்கல.

பொண்ணும் மாப்பிள்ளையும் மொபெட்டுல ஏறப் போனா, ஒச்சப்பன் ஹேண்டில்பாரப் பிடிச்சுக்கிட்டாரு.

"நில்லுங்க. ஒரே வண்டின்னா ஜனங்களுக்கு நட்டம். போட்டி வேணும்."

"ஒத்த வண்டியில எப்படிய்யா போட்டி?"ன்னாரு பொண்ணோட அப்பா.

சோணை குனிஞ்சு பாத்தாரு. "சக்கரம் ரெண்டு இருக்கே! முன் சக்கரம் அவருக்கு, பின் சக்கரம் எனக்கு. கழட்டி விடுவோம். எது மொதல்ல ஊர் போய்ச் சேருதுன்னு பாப்போம்."

அப்பா யோசிச்சாரு. நியாயமாத்தான் பட்டுச்சு. சீட்டுக்கடியில கைய விட்டு ஸ்பேனர எடுத்துக் குடுத்தாரு.

தவசி பொண்டாட்டி காதுல மெதுவாக் கேட்டான்: "நாம எந்தச் சக்கரத்துல ஏறலாம்?"

பவுனுத்தாயி முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டா.

"அவசரப்படாதீங்க. எதுல வடை குடுக்குறாங்கன்னு மொதல்ல கேளுங்க."