பதினொரு விநாடியும் தொண்ணூறு நிமிடமும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இன்வர்டோரன் என்றொரு சிறிய ஊர் இருந்தது. ஊரின் கடைசித் தெரு கடலைத் தொடும் இடத்தில் ஒரு கால்பந்து மைதானம். அங்கே ஆடிய அணி லீக்கின் நான்காம் பிரிவைச் சேர்ந்தது. அதற்குக் கீழே பிரிவே கிடையாது. ஆடுகிறவர்கள் வாரம் முழுக்க ஏதாவது வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மதியம் மைதானத்துக்கு வருகிறவர்கள். இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் தபால்காரர். நடுவில் ஆடிய இருவர் மீன் சந்தையில் பெட்டி தூக்கினார்கள். கோல்கீப்பர் பிளேர் மக்ஃபீ ஒரு பிளம்பர்.

அந்த மைதானத்தில் இருந்த பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். கடல் பக்கம் நின்ற கோல்கம்பத்துக்கு வாய் அதிகம். பந்துக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லித்தான் பழக்கம். கடல்காற்று எந்தக் கட்சியிலும் சேராதது. முதல் பாதியில் ஒரு அணியின் முதுகில் வீசினால், அணிகள் பக்கம் மாறியதும் அடுத்த அணியின் முதுகில் வீசும். அதைப் பற்றி யாரும் அதனிடம் நியாயம் கேட்டதில்லை.

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து ஒரு கேமரா வந்து இறங்கியது. அதை இயக்க கேட்ரியோனா என்ற பெண் கூட வந்திருந்தாள். இரும்புக் குழாய்களைக் கட்டி எழுப்பிய பரண்மேல் அதைத் தூக்கி வைத்தார்கள். கேமரா அதுவரை பெரிய ஸ்டேடியங்களைத்தான் பார்த்திருந்தது.

"இதுவா மைதானம்?" என்றது அது. "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் யாரோ துணி காயப்போட்டிருக்காங்க. என் கண்ணாடியெல்லாம் உப்பு."

"துடைச்சுக்கோ. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது," என்றது கோல்கம்பம்.

அன்றைக்குப் பிளேர் விடியற்காலையிலேயே எழுந்து, பனியில் வெடித்துப்போன ஒரு வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தான். விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருந்தன. இருந்தும் முதல் பாதியில் ஒரு பெனால்டியைத் தடுத்தான். அதற்குப் பிறகு, உள்ளே போயே தீரும் என்று எல்லாரும் நினைத்த ஆறு பந்துகளை எட்டிப் பிடித்தும் தட்டியும் வெளியே அனுப்பினான். பார்க்க வந்திருந்த நானூறு பேர் நாலாயிரம் பேராகக் கத்தினார்கள்.

அறுபத்தொன்றாவது நிமிடத்தில் தபால்காரர் பந்தை அவனிடம் பின்னுக்குத் தள்ளினார். பிளேர் அதை ஓங்கி உதைத்தான். பந்து மேலே போனது, காற்றின் மார்பில் மோதி நின்றது, பிறகு வந்த வழியே திரும்பியது. தலைக்கு மேல் போவதைப் பிடிக்கத் திரும்பியவன் சேற்றில் சறுக்கி மல்லாந்து விழுந்தான். பந்து அவனைத் தாண்டி மெதுவாக உருண்டு, அவனுடைய கோலுக்குள்ளேயே போய் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஓரத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. அவன் எழுந்து சேற்றைத் துடைப்பதற்குள் நானூறு பேரும் அவன் பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் மீன் சந்தைக்காரர் ஒருவர் தலையால் முட்டி ஒரு கோல் போட, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது.

தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சியில் அந்த ஆட்டத்துக்குப் பதினொரு விநாடி கிடைத்தது. பிளேர் உதைக்கிறான், பந்து திரும்புகிறது, பிளேர் விழுகிறான். பின்னணியில் சர்க்கஸ் கோமாளிக்கு வாசிக்கிற இசை.

"இவர் வாரநாளில் பிளம்பராம்," என்றார் நிகழ்ச்சி நடத்தியவர்.

"அப்படியா? குழாயும் இப்படித்தான் ஒழுகுமோ?" என்றார் பக்கத்தில் இருந்த நிபுணர்.

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நாடு முழுக்கச் சிரித்தது. மறுநாளிலிருந்து பிளேர் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், "ஒழுகாம அடைச்சிடுவீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வெளியூரில் நடந்த ஆட்டத்துக்கும் போகவில்லை.

மைதானத்தில் பொருள்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

"பந்தைத் திருப்பினது நான்," என்றது காற்று. "என் பேரை ஒருத்தனாவது சொன்னானா?"

"ஏழு தடவை அவன் கையில போய் விழுந்தேன். ஒண்ணையும் காட்டலை," என்றது பந்து.

கோல்கம்பம் மட்டும் பேசவே இல்லை. அது அதன் கோபம்.

அடுத்த புதன்கிழமை, மைதானத்து வாசலில் தேநீரும் இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரமும் விற்கிற ஷீனா, பிளேருக்குப் போன் செய்து தன் கடைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். வேலை என்று கூப்பிட்டால் மறுக்கிறவன் அல்ல அவன். கருவிப் பையோடு வந்து கடைக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை வருவியா?" என்று கேட்டாள் ஷீனா.

"வேற ஆளைப் போட்டுக்கட்டும்."

"விழுந்ததுக்கா இவ்வளவு வெட்கம்?"

பிளேர் திருகுக்குறடைக் கீழே வைத்தான். "விழுந்ததுக்கு இல்லை ஷீனா. விழுறது ஆட்டத்துல ஒரு பகுதி. நாலு மணி நேரம் பஸ்ல வந்து, மழையில நின்னு பாக்கிறவங்க இருக்காங்க. அவங்க ஏதோ கூத்துப் பாக்க வர்ற முட்டாள்கள்னு நாடே நினைச்சுக்கிச்சு. அதுக்குக் காரணம் நான்தானே?"

ஷீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அன்னிக்கு இங்கதான் நின்னேன். நானூறு பேரும் இங்கதான் நின்னோம். ஒருத்தர் சிரிச்சோமா? சொல்லு, ஒருத்தர்? சிரிச்சவங்க எல்லாம் இங்க இல்லாதவங்க. இல்லாதவங்க சிரிச்சாங்கன்னு, இருந்தவங்களை விட்டுட்டுப் போவியா?"

பிளேர் திருகுக்குறடை மறுபடி எடுத்தான். குழாயை முடுக்கினான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை அவன் வந்தான். கேமராவும் வந்தது.

கேமரா உற்சாகமாக இருந்தது. "பாத்தீங்களா? உங்களை யாருன்னே தெரியாம இருந்துச்சு. ஒரே வாரத்துல நாடு முழுக்கப் பிரபலமாக்கிட்டேன். இன்னும் ரெண்டு இந்த மாதிரி பிடிச்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க."

இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்த வாயைக் கோல்கம்பம் அப்போது திறந்தது.

"உனக்கு வெட்கமா இல்லை?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நடந்ததைத்தானே காட்டினேன்!"

"நடந்தது தொண்ணூறு நிமிஷம். நீ காட்டினது பதினொரு விநாடி."

"வெட்டுறவங்க வேற. நான் வெறும் கருவி."

"கத்தியும் அப்படித்தான் சொல்லும்."

கேமராவுக்குச் சுருக்கென்றது. "இங்க பாரு. தரம்னு ஒண்ணு இருக்கு. பெரிய ஸ்டேடியத்துல ஆடுற ஆட்டம் என்ன, இது என்ன?"

"பெரிய ஸ்டேடியத்துல யாருமே விழுறதில்லையா?"

கேமரா கொஞ்சம் யோசித்தது. பொய் சொல்லிப் பழகாததால் உண்மையைச் சொன்னது. "போன மாசம் ஒருத்தன் விழுந்தான். கோடிக்கணக்குல விலை போனவன். காலியா இருந்த கோலுக்கு முன்னாடி தடுக்கி விழுந்து கோலைக் கோட்டைவிட்டான்."

"அதைக் காட்டினீங்களா?"

"காட்டினோம். மெதுவா ஓடவிட்டு, வயலின் வாசிச்சு. அவன் முகத்துல வேதனை தெரியுற மாதிரி."

"அவன் விழுந்தா சோகம். இவன் விழுந்தா காமெடி. விழுந்த சேறு ஒண்ணுதான், தரம் மட்டும் வேறயா? உங்க ஊர்ல தரம்னா சட்டை விலையா?" என்றது கோல்கம்பம்.

கேமரா பதில் தேடியது. கிடைக்கவில்லை.

அதே நேரம் பரணுக்குக் கீழே பிளேர் நடந்து போனான். நின்று, மேலே பார்த்தான்.

"நீங்கதானே அன்னிக்குப் படம் பிடிச்சது?"

"நான்தான்," என்றாள் கேட்ரியோனா. "நீங்க தடுத்த ஏழு பந்தையும் குறிச்சு அனுப்பினேன். அவங்க எட்டாவதை எடுத்துக்கிட்டாங்க."

"மறுபடியும் அனுப்புவீங்களா?"

"அனுப்புவேன்."

"அப்ப சரி," என்று கையுறையை மாட்டிக்கொண்டு போனான்.

அன்று எதிரில் வந்தது புள்ளிப் பட்டியலின் முதலிடத்தில் இருந்த அணி. பந்து காற்றிடம் மெல்லக் கேட்டது: "இன்னிக்கு ஒரு நாள் அவனுக்காகக் கொஞ்சம் அடங்கி இரேன்."

"மாட்டேன்," என்றது காற்று. "நான் விட்டுக்கொடுத்து அவன் பிடிச்சா, அது பிச்சை. என்னையும் மீறிப் பிடிச்சா, அதுதான் ஆட்டம். சிரிச்சவங்க ஒரு தடவை அவமானப்படுத்திட்டாங்க. நான் வேற பண்ணணுமா?"

சொன்னபடியே அது முழுப் பலத்தோடு வீசியது. ஆட்டமும் அப்படியே நடந்தது. உயர அடித்தால் காற்று தின்றுவிடும் என்பதால் இரண்டு அணியும் பந்தைத் தரையோடு தரையாகக் காலுக்குக் காலாகக் கடத்தின. தபால்காரர் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பந்தோடு ஓடி, மூச்சு வாங்காமல் திரும்பி ஓடினார். எதிரணியில் பதினோராம் எண் போட்டிருந்த ஒல்லியான ஆள் இரண்டு பேருக்கு நடுவே பந்தைக் கடத்திக்கொண்டு போன அழகைப் பார்த்து இன்வர்டோரன்காரர்களே கைதட்டினார்கள். இன்வர்டோரன் அடித்த ஒரு பந்து மறுபக்கக் கோலின் குறுக்குச் சட்டத்தை அதிரவைத்தது. பிளேர் உதைப்பதைக் குறைத்துக் கையால் எறிந்தான். அவன் எறிந்த ஒவ்வொரு பந்தும் தன் ஆளின் காலடியில் போய் இறங்கியது.

கேட்ரியோனாவின் காதுக் கருவியில் தயாரிப்பாளர் ஜூலியனின் குரல் நகரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. "அந்தக் கீப்பர் முகத்தை விடாதே. மத்ததெல்லாம் வேண்டாம். அவன் சொதப்பும்போது முகம் வேணும்."

எண்பத்தொன்பதாவது நிமிடம். நடுவர் விசில் ஊதி, எதிரணிக்குப் பெனால்டி என்று கை காட்டினார்.

"முகம்! முகம்!" என்றார் ஜூலியன்.

கேட்ரியோனா காதுக் கருவியைக் கழற்றிக் கீழே வைத்தாள். கேமராவைப் பின்னுக்கு இழுத்தாள். கேமரா இதற்கு முன் எத்தனையோ முறை மனிதர்கள் திருப்பிய பக்கம் திரும்பியிருக்கிறது. இந்த முறை அது தானும் விரும்பித் தன் கண்ணை அகலமாகத் திறந்தது. கோலும் தெரிந்தது, பந்தும் தெரிந்தது, மழைக்கோட்டுப் போட்ட மனிதர்களும், அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும் கடலும் தெரிந்தன.

பதினோராம் எண்காரன் அடித்தான். பிளேர் வலது பக்கம் பாய்ந்து தட்டினான். பந்து அடித்தவன் காலுக்கே திரும்பிப் போனது. அவன் மறுபடி அடித்தான். தரையில் கிடந்த பிளேர் ஒரு காலைத் தூக்கித் தடுத்தான். மூன்றாவது முறை இன்னொருவன் ஓடி வந்து அடித்தான். இந்த முறை பிளேர் எட்டவில்லை. பந்து நேராகப் போய்க் கோல்கம்பத்தில் மோதித் தெறித்தது. கம்பம் நகரவும் இல்லை, விலகவும் இல்லை. அது நின்ற இடத்தில் நின்றது, அவ்வளவுதான். தபால்காரர் தெறித்த பந்தைக் கடலுக்கே உதைத்தார்.

ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. கோல் ஏதும் இல்லாமல் சமன். ஒருவரையொருவர் அறியாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பதினோராம் எண்காரன் நேராகப் பிளேரிடம் வந்து, "எப்படிய்யா அந்த ரெண்டாவதை எடுத்தே?" என்று கேட்டான். பிளேருக்கே தெரியவில்லை. "கால் தானா போச்சு," என்றான். இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

நிலையத்தில் ஜூலியன் பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்தார். "கோலே இல்லை. யாரும் விழவும் இல்லை. இதுல என்ன இருக்கு?"

"நிறுத்தாம ஒரு தடவை பாருங்க," என்றாள் கேட்ரியோனா.

"யாருக்கு நேரம்?" என்று சொல்லிப் பதிவை அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை நடத்தியவர், "மற்ற ஆட்டங்களில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை," என்றார்.

திங்கட்கிழமை காலை கேமராவைச் சாமான் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய ஸ்டேடியத்திலிருந்து திரும்பிய மற்ற கேமராக்கள் அங்கே வரிசையாக இருந்தன.

"வா, வா! இந்த வாரம் பிளம்பர் ஒழுகினாரா?" என்றது ஒன்று. எல்லாம் சிரித்தன.

"கோலே விழலை," என்றது கேமரா.

"அப்ப ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லு."

கேமராவுக்கு ஆத்திரம் பொங்கியது. கோல்கம்பத்தின் முன்னால் பதில் கிடைக்காமல் நின்ற அதற்கு, இப்போது கேள்வி கிடைத்துவிட்டது.

"நீங்க எல்லாரும் சனிக்கிழமை பெரிய ஸ்டேடியத்துலதானே இருந்தீங்க? உங்க ஆட்டத்தை என்னன்னு சொல்லுங்களேன்."

"நான் மேல்மாடியில பணக்காரங்க உட்காருற அறையைக் காட்டிட்டிருந்தேன்," என்றது ஒன்று. "அவங்க எழுந்து நின்னாங்க. கோல் விழுந்திருக்கும்னு அதை வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"நீ?" என்று அதிகமாகச் சிரித்த கேமராவைப் பார்த்துக் கேட்டது இன்வர்டோரன் போய்வந்த கேமரா.

"நான் காட்டுறது அணி மானேஜர் முகம். எப்பவும் அதுதான் என் வேலை."

"கோல் போட்டது யாரு? எப்படிப் போட்டான்? பந்து எங்கிருந்து வந்துச்சு?"

மானேஜர் முகத்தைக் காட்டிய கேமரா தாழ்ந்த குரலில் சொன்னது:

"எனக்கு எப்படித் தெரியும்? ஆட்டம் என் முதுகுக்குப் பின்னாலதானே நடந்துச்சு."