வியாழக்கிழமைக் கையெழுத்து

"யாரு சார் பொய் சொல்றது? நானா?"

"ஆமா, நாந்தான் எழுதினேன். கருத்துப் படிவம்னு குடுத்தீங்க, கருத்த எழுதினேன். ‘மிக நன்று’ன்னு டிக் அடிக்கத்தான் அந்தத் தாளுன்னா, அதயும் நீங்களே அடிச்சிருக்க வேண்டியதுதான?"

"பயிற்சி மாணவின்னா வாயத் தொறக்கக் கூடாதோ? எனக்கு முப்பத்தெட்டு வயசு சார். மூத்த மக பத்தாவது படிக்கா. மொதல்ல கைய நீட்டிப் பேசாதீங்க."

"மன்னிப்பா? எதுக்கு? நேத்துக் களப்பயணம்னு போட்டிருந்துச்சு. பஸ்ஸும் வரல, கல்வெட்டப் பத்திச் சொல்ல ஒரு ஆளும் வரல. போகலன்னு எழுதினா அது பொய்யா?"

"என்னது, என் கையெழுத்தா? குடுங்க பாப்போம். குடுங்கங்கிறேன்!"

பயிற்சிய நடத்துற தெய்வசிகாமணி சார் ஆட்டிக்கிட்டிருந்த வருகைப்பதிவுத் தாள வெடுக்குன்னு புடுங்கிட்டு, செண்பகவல்லி ஹாலை விட்டு வெளிய வந்தா. உள்ள நாப்பது சமூக அறிவியல் ஆசிரியருங்க குனிஞ்சு டீயக் குடிச்சாங்க. ஒரு தலை நிமிரல.

அஞ்சு நாள் பயிற்சி. இன்னிக்கு வெள்ளி, கடைசி நாள். டீ முடிஞ்சதும் சான்றிதழ். அதுக்கு முன்னாடி இவ மைக்குல மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லேன்னா இவ பி.எட். படிக்கிற காலேஜுக்கு லெட்டர் போகுமாம்.

போகட்டும்.

கட்டடத்துக்குப் பின்னாடி, குழாயடியில, ஜெபகனி டீச்சர் ஒரு கல்லு மேல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தாங்க. எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறவங்க. அவங்களுக்கு இருபத்தொம்பது வயசு. அவங்ககிட்டதான் பாடம் நடத்தக் கத்துக்கோன்னு செண்பகவல்லிய அவங்க பள்ளிக்கூடத்துல விட்டிருந்தாங்க. கத்துக் குடுக்கவங்க அக்காம்பாங்க. கத்துக்கிடுதவ டீச்சர்ம்பா.

"டீச்சர், எந்திரிங்க."

"ஏன்க்கா?"

"நீங்க உக்காந்திருக்கது கல்வெட்டு."

ஜெபகனி டீச்சர் குனிஞ்சு பாத்தாங்க. துவைக்கிற கல்லு. சோப்பு நுரை காஞ்சு ஓரமெல்லாம் வெள்ளையா கெடந்துச்சு.

நேத்து மத்தியானம் இந்தக் கல்லச் சுத்தித்தான் எல்லாரையும் நிக்க வச்சாங்க. பேனரப் புடிக்கச் சொன்னாங்க. ரெண்டு பேரக் குனிஞ்சு உத்துப் பாக்கச் சொன்னாங்க. ஒருத்தர் கையில பூதக்கண்ணாடி வேற. சாயங்காலமே வாட்ஸப் குரூப்புல வந்திருச்சு: ‘பழங்காலக் கல்வெட்டை ஆய்வு செய்யும் ஆசிரியர்கள்.’ கீழ வரிசையா கைதட்டு பொம்மை.

"கொஞ்சமாச்சும் கூச்சம் வேணாமா டீச்சர்? பாத்திரம் விக்கவங்க செஞ்சா சரின்னு விடலாம். வரலாறு சொல்லிக் குடுக்கவங்க!"

"ம்."

"ம்முன்னா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்க்கா."

"பிள்ளைககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அதான் விஷயம். ஊர்க் கண்மாய் மடை பக்கத்துல ஒரு கல்லு சாஞ்சு கெடக்கு. ‘அதுல என்ன எழுதியிருக்கு டீச்சர்?’னு எட்டாம் வகுப்புப் பிள்ளைக கேட்டுச்சு. பயிற்சி முடிஞ்சு திங்கக்கிழமை வந்து படிச்சுச் சொல்றேன்னு செண்பகவல்லி வாக்குக் குடுத்துட்டா. கல்லக் கழுவி, ஈரத்தாள ஒட்டி, மை ஒத்தி, எழுத்தப் படியெடுக்கிறது எப்படின்னு வியாழக்கிழமை சொல்லித் தாரதா நிகழ்ச்சி நிரல்ல இருந்துச்சு. அத நம்பித்தான் வந்தா. முந்தின மூணு நாளும் ஸ்லைடு போட்டு, அதே ஸ்லைடப் படிச்சுக் காட்டுனதயெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் பொறுத்துக்கிட்டா.

"அடுத்த வருஷமாச்சும் நடத்துங்கன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? ‘அதான் நடத்தியாச்சே, ஒங்க கையெழுத்தே இருக்கே’ம்பாங்க. அந்தக் கல்லு அப்படியே கெடக்கும்."

"கெடக்கும்."

"அவ்வளவுதானா? ஒங்ககிட்ட வந்தேன் பாருங்க!"

டீச்சர் டீய ஊதினாங்க.

"இந்தா பாருங்க, என் கையெழுத்தாம். எவனோ போட்டிருக்கான்."

"படிங்கக்கா."

செண்பகவல்லி தாளப் பிரிச்சா. அஞ்சு நாளைக்கு அஞ்சு கட்டம். நாலாவது கட்டத்துக்கு மேல ‘கல்வெட்டுக் களப்பயணம்’. பதினேழாவது வரி அவளோடது. நாலாவது கட்டத்துல அவ கையெழுத்து. கீழ இழுத்துவிட்ட அந்த வால இந்த ஒலகத்துல வேற யாராலயும் அப்படி இழுக்க முடியாது.

அந்த வாலு மேல விரல ஓட்டிப் பாத்தா.

அப்புறம் பதினாறாவது வரியப் பாத்தா.

"நீங்களும் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"போகாத எடத்துக்கு."

"ஆமா."

"இந்த வருஷம் மட்டுமா?"

"ஆறு வருஷமா."

"வெக்கமா இல்லையா டீச்சர்?"

"இருக்கு."

இதுக்கு மேல எப்படிச் சண்ட போடுறது? செண்பகவல்லிக்கு ஆத்திரம் இன்னும் கூடிருச்சு. மறுத்துப் பேசுற ஆளாயிருந்தா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜெபகனி டீச்சர் கேட்டாங்க: "நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் இந்தத் தாள எடுக்கான். என்ன எழுதுவான்?"

"நாப்பது பேரும் போனாங்கன்னு எழுதுவான்."

"நீங்க போயி இல்லம்பீங்களா?"

"நான் எங்க இருக்கப் போறேன்?"

"அப்ப யாரு சொல்லுவா?"

"கேள்வியாவே கேளுங்க! வகுப்புலயும் இப்படித்தான், இங்கயும் இப்படித்தான். ஒரு பதில் சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? நான் போகல. ஆனா என் கையெழுத்து இருக்கு. எப்படி வந்துச்சு? சொல்லுங்க!"

"படிச்சுட்டீங்களா?"

"படிச்சுட்டேன்!"

"எழுத்த மட்டுந்தான படிச்சீங்க."

டீச்சர் டம்ளரக் கீழ வச்சாங்க. தாள வாங்கி, வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சாங்க.

பதினேழாவது வரியில ஒரு கறை. திங்கள்ல ஆரம்பிச்சு, வெள்ளி வரைக்கும், அஞ்சு கட்டத்தயும் ஒரே இழுப்பா தொட்டுக்கிட்டுப் போச்சு. அந்த எடத்துல மட்டும் தாள் கண்ணாடி மாதிரி வெளிச்சத்த உள்ள விட்டுச்சு. ஓரத்துல ஒரு பெருவிரல் ரேகை.

எண்ணெ.

"வடை என்னைக்குக்கா போட்டாங்க?"

செண்பகவல்லி விரல் விட்டு எண்ணிப் பாத்தா.

திங்கக்கிழமை. திங்கக்கிழமை மட்டுந்தான். மத்த நாளெல்லாம் பிஸ்கட்டு.

இடது கையில உளுந்த வடை. வலது கையில பேனா. ‘அஞ்சு கட்டத்துலயும் போட்ருங்க, தெனமும் தாளத் தூக்கிட்டு அலைய முடியாது’ன்னு யாரோ சொன்னாங்க. காத்தாடிக் காத்துல தாள் பறக்காம இருக்க, வடை தின்ன கையாலயே அமுக்கிக்கிட்டு, நகத்தி நகத்தி, விறுவிறுன்னு அஞ்சும் போட்டா. மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தாளா? பாக்கல. வடை சூடா இருந்துச்சு.

டீச்சர் தாளத் திருப்பிக் குடுத்தாங்க. டம்ளர எடுத்து மிச்சத்தக் குடிச்சாங்க.

"ஆறுதலா ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"டீ ஆறிப் போச்சு. போலாமா?"

உள்ள எல்லாரும் உக்காந்திருந்தாங்க. மேசை மேல சான்றிதழ் அடுக்கி வச்சிருந்துச்சு. செண்பகவல்லி நேரா மைக்குக்குப் போனா. தெய்வசிகாமணி சார் சிரிச்ச மொகமா ஒதுங்கி எடம் விட்டாரு.

"மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க. கேக்கேன்."

ஹாலுக்கே மூச்சு வந்துச்சு.

"எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைககிட்ட கேக்கேன். இந்தத் தாளுல பதினேழாவது கையெழுத்து என்னோடது. நடக்காத பயணத்துக்கு நாந்தான் போட்டேன். திங்கக்கிழமையே போட்டேன். வடை தின்னுக்கிட்டே போட்டேன். எண்ணெ இருக்கு, வேணுங்கறவங்க வந்து பாத்துக்கிடலாம்."

சன்னல் வெளிச்சத்துக்கு நேரா தாளத் தூக்கிப் புடிச்சா. யாரும் பாக்கல. எல்லாருக்கும் திடீர்னு செல்போன்ல வேலை வந்துருச்சு.

பின்வரிசையில ஒரு நாற்காலி கிரீச்சுன்னு நகந்துச்சு.

"பதினாறு என்னோடது"ன்னாங்க ஜெபகனி டீச்சர். உக்காரல.

தெய்வசிகாமணி சார் மைக்க வாங்கக் கைய நீட்டினாரு. மைக்க அணைக்கத்தான் நீட்டினாருன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செண்பகவல்லி சுவிட்சு மேல பெருவிரல வச்சுக்கிட்டு, மைக்க அவரு வாய்கிட்ட கொண்டு போனா.

"எங்க கையெழுத்துக்கு நாங்க சொல்லிட்டோம். நீங்க போட்ட போட்டோவுக்கு நீங்க சொல்லுங்க சார். காதுல வேணாம், காலேஜுக்கு லெட்டரும் வேணாம், இந்த நாப்பது பேரும் கேக்கச் சொல்லுங்க. நேத்து நாங்க சுத்தி நின்னமே, அது என்ன கல்லு?"