முகத்துவாரத்தில் ஒரு வேப்பிலைக் கொத்து

கன்னியம்மாவை மாசிலாமணி கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பங்குனிக் காலையில்.

அவள் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். எதற்கும் அவளைத்தான் கேட்பான் மாசிலாமணி.

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் கூடையை இறக்கினான். உள்ளே ஒரு பால்சுறா.

"மக பெத்துப் படுத்திருக்கா. பால் ஊறல. ஊரு பூரா சுறாப்புட்டுக் குடுன்னு சொல்லுது. அலையா அலைஞ்சும் இது ஒண்ணுதான்க்கா. சுறாவெல்லாம் எங்க போச்சு?"

அவள் கீரையை ஒதுக்கிவிட்டுக் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம சின்ன வயசுல முகத்துவாரத்துல எறங்குனா கால்ல குட்டிச்சுறா ஒரசும். நெனப்பிருக்கா?"

"இருக்கு. நீ அலறிக்கிட்டு ஓடுனதும் நெனப்பிருக்கு."

மாசிலாமணி சிரித்தான்.

"இத எங்க புடிச்ச?"

"அதே முகத்துவாரத்துலதான். முழங்கால் தண்ணி. வயிறு கனத்து நவுர முடியாம கெடந்துச்சு."

"பெரிய வீரன்."

பிள்ளைத்தாய்ச்சியைத் தடவுவதுபோல் சுறாவின் வயிற்றைத் தடவினாள். பிறகு அறுத்தாள்.

மூன்று குட்டிகள். மூன்றுக்கும் தொப்புள்கொடி.

"இவ்வளவுதானா?"

"இதுக்கு எப்பவும் இவ்வளவுதான்க்கா. மத்தி மீனா என்ன, முட்டையக் கொட்டிட்டுப் போக?"

"சுமக்குறது?"

"வருசம் ஆவும்."

ஒரு குட்டி மட்டும் வாலை அசைத்தது.

கொடியை அறுத்து, அந்தக் குட்டியைத் தண்ணீர்க் குடத்தில் விட்டாள். குடத்தை அவன் தோளில் ஏற்றினாள். வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் செருகும் கொத்து. அது தொங்கும்வரை வேற்றாள் யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள்.

"எங்க வாசல்ல முந்தாநாளே செருகிட்டியேக்கா."

"நட."

முகத்துவாரத்தில் குட்டியை விட்டாள். அது கொஞ்ச நேரம் அவள் காலடியிலேயே கிடந்தது. பிறகு போயிற்று.

அங்கே வலை கட்டும் கம்பு ஒன்று நின்றது. அவனுடைய கம்பு. வலையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். கம்பில் வேப்பிலையைக் கட்டினாள்.

"மகளுக்கு?" என்றான்.

"முருங்கைக்கீரையப் பூண்டு போட்டு வதக்கிக் குடு. புள்ளைய மாருலயே போட்டு வைக்கச் சொல்லு. ஊறும்."

ஊறியது.

சித்திரையில் கன்னியம்மா போய்விட்டாள்.

கம்பு இருக்கிறது. பங்குனி பிறந்ததும் மாசிலாமணி அதில் வேப்பிலை கட்டுகிறான். அது காய்ந்து உதிரும்வரை அங்கே யாரும் வலை போடுவதில்லை.

கட்ட இறங்கும்போது, சில வருசம், காலில் உரசுகிறது.