மரங்களுக்குப் போக மீதி இடம்

வருசநாட்டு மலையடிவாரத்தில் நீலாயதாட்சி என்றொரு குரு இருந்தார். வீடு கட்டுவதுதான் அவர் கற்றுத்தந்த வித்தை. வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரிடம் படிக்க வந்தவர்களில் சாத்தையா மட்டும் அவரைவிட மூத்தவர். நகரத்தில் அடுக்குமாடிகள் கட்டிக் காதோரம் நரைத்த பிறகு, அந்தத் தொழிலை விட்டுவிட்டு இங்கே வந்து மண் மிதித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காசிமாயன் என்ற லாரிக்காரர் குருவைப் பார்க்க வந்தார். ஓடைக்கரையில் ஒரு மருதந்தோப்பு வாங்கியிருப்பதாகச் சொன்னார். அங்கே வீடு வேண்டும். அவர் மனைவி குருவம்மாளுக்கு ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. அவளுக்கு இனி எந்தக் குறையும் இருக்கக் கூடாது, அகலமான கூடம், அகலமான அறைகள், சொந்தக்காரர்கள் வந்து பார்த்து மலைக்க வேண்டும் என்றார். ஆவணி பிறந்ததும் மரங்களை அறுக்க ஆள் சொல்லியாயிற்றாம்.

"மரம் நிக்கட்டும்," என்றார் குரு. "சாத்தையா கட்டித் தருவார்."

"ரெண்டும் நின்னா எனக்கென்ன கசக்குதா?" என்றார் காசிமாயன். "ஆனா ஆவணி வரைக்கும்தான் பொறுப்பேன்."

அவர் போனதும் சாத்தையா கேட்டார்.

"அவ்வளவு மரத்துக்கு நடுவுல வீடு எப்படிம்மா நிக்கும்?"

குரு ஒரு பை நிறையச் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தார். சாத்தையா பின்னால் போனார்.

தோப்பில் மருத மரங்கள் வெளிறிய அடிமரங்களோடு ஓடையைப் பார்த்து நின்றன. குரு பையைச் சாத்தையாவிடம் கொடுத்தார்.

"ஒவ்வொரு மரமும் இருக்கிற இடத்தைக் குறிங்க."

சாத்தையா ஓர் அடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் பொடியைத் தூவினார்.

"அது நிக்கிற இடம்," என்றார் குரு. "நான் இருக்கிற இடத்தைக் கேட்டேன்."

சாத்தையா மேலே பார்த்தார். கிளைகள் எங்கே முடிகின்றனவோ அதுவரை நடந்து போனார். அடியில் வேரும் குறைந்தது அதுவரை வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த எல்லையில் கோடு போட்டார். அடுத்த மரத்துக்கும் அப்படியே. கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. கடைசியில், எப்போதோ ஒரு மரம் விழுந்த இடத்தில், கோடு படாத ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது.

"இதுதான் உங்க மனை," என்று சொல்லிவிட்டுக் குரு திரும்பிப் போனார்.

சாத்தையா அந்தத் திட்டைக் காலடியால் அளந்தார். ஓர் அறைக்கு மேல் தாங்காத இடம். காசிமாயனிடம் போய் உள்ளதைச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் பொண்டாட்டி என்ன கோழியா, பஞ்சாரத்தைப் போட்டுக் கவுக்கிறதுக்கு? அறுக்கிற ஆளு வரத்தான் போறான்."

சாத்தையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குருவிடம் வந்தார்.

"வீடு அதுல அடங்கலம்மா."

"வீடு யாருக்கு?"

"குருவம்மாளுக்கு."

"அவங்களுக்குப் போதலைன்னு அவங்க சொன்னாங்களா?"

சாத்தையா அதுவரை குருவம்மாளைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனார். பெரிய வீடுதான். முன்பக்கம் படுக்கையறை, கடைசியில் சமையலறை, இடையில் இரண்டு நிலைப்படிகள். சமையல் மேடை குருவம்மாளின் தோளுயரத்துக்கு இருந்தது. சமைக்கிற பெண்ணைக் கூப்பிட அவர் கட்டிலோரம் ஒரு மணி வைத்திருந்தார்கள். சாத்தையாவுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக அந்த மணியை அவர் அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தார்.

"வந்தவங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுக்க என்னால ஆகல," என்றார் குருவம்மாள். "அவரு இதைவிடப் பெருசாக் கட்டப் போறாராம்."

சாத்தையா சுண்ணாம்புக் கோடுகளைப் பற்றிச் சொன்னார். கேட்டுவிட்டுக் குருவம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்தார்.

"இதை அளந்துக்கங்க," என்றார்.

சாத்தையா கயிறு பிடித்து அளந்தார். மேலே எவ்வளவு எட்டும், கீழே எவ்வளவு குனிய முடியும், நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் எல்லாவற்றையும் அளந்தார். வீடு அந்தக் கயிற்றிலிருந்து வந்தது. ஓர் அறை. மூலையில் திரைச்சுவருக்குப் பின்னால் குளியல். நாற்காலியில் இருந்தபடி எட்டுகிற அடுப்பு, எட்டுகிற தண்ணீர்க் குழாய், படுத்தால் ஓடை தெரிகிற தாழ்ந்த ஜன்னல். பீரோவுக்கும் சோபாவுக்கும் இடமில்லை. அவை வேண்டும் என்று குருவம்மாளும் கேட்கவில்லை.

"இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று சாத்தையா கேட்டார்.

"சொன்னா அவரு கேக்க மாட்டாரு. பலகை இருக்கா உங்ககிட்ட?"

ஆவணி முதல் நாள் காலையில் காசிமாயன் மரம் அறுக்கிறவர்களோடு தோப்புக்கு வந்தார். மெஷின் ரம்பம் வண்டியில் இருந்தது. சுண்ணாம்புத் திட்டின் மேல் வீட்டளவுக்குப் பலகைகள் பரப்பியிருந்தன. ஒரு கட்டில், தாழ்வான ஓர் அடுப்பு, ஒரு குடம். சுவரில்லை, கூரையில்லை. நடுவில் குருவம்மாள் இருந்தார். காசிமாயன் ஆள் கூப்பிடப் போனதும் ஆட்டோ வரவழைத்து முன்கூட்டியே வந்துவிட்டிருந்தார்.

காசிமாயன் ஏதோ கேட்க வாயெடுத்தார். குருவம்மாள் கையமர்த்தினார். நாற்காலியைத் தானே உருட்டிப் போய்க் குடத்தில் தண்ணீர் மோந்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். தூள் போட்டார், பொங்கும்போது இறக்கினார், ஆற்றினார். திரும்பி உருட்டி வந்து டம்ளரை நீட்டினார்.

"குடிங்க."

அந்த விபத்துக்குப் பிறகு அவர் கையால் காசிமாயன் எதையும் வாங்கிக் குடித்ததில்லை. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். பலகை ஓரத்தில் உட்கார்ந்தார். குடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வண்டியருகே நின்றவர்களைக் கூப்பிட்டார்.

"வாங்கப்பா. நீங்களும் டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

வேலை அன்றைக்கே தொடங்கியது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டவில்லை. கல்தூண்களுக்கு மட்டும் கடப்பாறையால் குழி போட்டார்கள். வேர் தட்டுப்பட்டால் அந்தக் குழியை மூடிவிட்டுத் தள்ளிப் போட்டார்கள். தூண்கள் மேல் கற்பலகைத் தளம், மூங்கில் தட்டிச் சுவர், அதில் ஓடை மண்ணும் சுண்ணாம்பும் குழைத்த பூச்சு. இடித்துப் போட்ட ஒரு சாவடியின் நாட்டு ஓடுகள் கூரையாயின. கூரையின் ஓரம் கோட்டைத் தாண்டி ஒரு கிளையில் முட்டிய மூலையில் அதை ஒடுக்கிக்கொண்டார்கள். வாசலிலிருந்து சாய்தளம் ஒன்று மரத்துக்கு மரம் வளைந்து, ஒவ்வொரு நிழலையும் தொட்டு, மெல்லத் தரைக்கு இறங்கியது.

ஐப்பசியில் ஓடை கரை மீறியது. ஊரில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. காற்று தகரக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. தோப்பில் மரங்கள் காற்றை வாங்கிக்கொண்டன. வெள்ளம் தூண்களுக்கு இடையே புகுந்து தன் வழியே போயிற்று. மழை விட்டதும் சாத்தையா ஓடிப் போய்ப் பார்த்தார். தளத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. அவர் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

தை மாதம் பால் காய்ச்சினார்கள். பாலைக் குருவம்மாளே அடுப்பில் வைத்தார். அது பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் அவரே பால் கொடுத்தார். சாய்தளத்தில் அவர் நாற்காலி போவதும் வருவதுமாக இருந்தது. யாரும் தள்ளவில்லை. தள்ளப் போனவர்களைக் காசிமாயன் தடுத்துவிட்டார்.

ஒரு மரத்தடியில் சமையல் நடந்தது. இன்னொன்றின் அடியில் பாய் விரித்துப் பெரியவர்கள் கதை பேசினார்கள். ஓடையோர மரத்தில் குழந்தைகள் கயிறு கட்டி ஆடினார்கள். பந்தி நடந்ததும் ஒரு மரத்தின் கீழ்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு நிழலில் சாய்ந்தார்கள். பொழுது சாயும் வரை யாருக்கும் கிளம்ப மனமில்லை.

குருவும் வந்திருந்தார். சாத்தையாவின் பக்கத்தில் உட்கார்ந்து குருவம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிமாயனின் அண்ணன் வீட்டைச் சுற்றி வந்துவிட்டு அவர்களிடம் வந்தார். வீடு நன்றாக இருக்கிறது, குளுகுளுவென்று இருக்கிறது, தம்பி மனைவி இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மொத்தமே ஒரு அறைதானா?"

"ஆமாங்க," என்றார் சாத்தையா. "ஒண்ணுதான்."

குரு சாத்தையாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கட்டுனதை மட்டும் சொல்றீங்க."