கடைசிப் படிக்குப் போன செய்தி

"வாத்தியாரே, என் குரல் ஏன் கடைசிப் படி வரைக்கும் போக மாட்டேங்குது?"

மைரோன் கேட்டான். கேட்டானாவது, தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்ற வாத்தியார் ஆர்கியாஸ் காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் ஊர் அரங்கத்தில் திருவிழா நாடகம். மைரோனுக்குத் தூதன் வேஷம். போர்க்களத்திலிருந்து ஓடிவந்து, செத்தவர்களின் செய்தியைச் சொல்ல வேண்டும்.

போன வருஷமும் அதே வேஷம்தான். அவனோடு முன்பு கல் உடைத்த கூட்டாளிகள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். "என்னமோ கத்தினே மைரோன், ஒரு வார்த்தை விளங்கலை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை. இந்தத் தடவையும் விளங்காவிட்டால், மறுபடி கல் உடைக்கப் போக வேண்டியதுதான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த அரங்கம் அவ்வளவு பெரிசு. ஆதியில் அங்கே வெறும் மரப்பலகைதான். ஒரு திருவிழாவில் பலகை முறிந்து ஜனங்கள் விழுந்தார்கள். பிறகு ஊரார் மலைச்சரிவையே குடைந்து கல்படி போட்டார்கள். கீழே வட்டத் தரை, அதைச் சுற்றி வில்லாய் வளைந்து ஏறும் படிகள். தூண் நிறுத்தி அதன்மேல் மேடை கட்டியது மைரோனின் தாத்தா காலத்தில். உச்சிப் படிகளைச் செதுக்கியதில் மைரோனின் கையும் உண்டு.

"இன்னும் பலமா கத்துறேன். தொண்டை போனாலும் சரி, விட மாட்டேன்."

வாத்தியார் கடைசிப் படியைக் கைகாட்டினார்.

"போய் உட்காரு."

தூதன் முகமூடியும் கையுமாக ஏறினான். மேலே பழைய கூட்டாளி பாட்டோன் உடைந்த படி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் உளியை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குடுவையை நீட்டினான். மைரோன் மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

கீழே வாத்தியார் நீகான் என்ற நடிகனை அழைத்தார். தோளில் கைபோட்டு, காதருகே குனிந்தார்.

"நாளைக்குத் தூதன் வேஷம் நீ போடு. மைரோன்கிட்ட இப்போ சொல்லாதே."

மேலே மைரோன் துள்ளி எழுந்தான். குடுவையை வைத்துவிட்டு, விழுந்தடித்து இறங்கினான். முகமூடியைத் தரையில் வீசினான்.

"முதுகுக்குப் பின்னாடி என் வேஷத்தைப் பிடுங்குறீங்களே, இது நியாயமா?"

"உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நானே கேட்டேன்! ஒரு எழுத்து விடாம!"

"எங்கேயிருந்து?"

"கடைசிப்..."



திரும்பி மேலே பார்த்தான். பாட்டோன் கடுகாய்த் தெரிந்தான். உளிச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது.

வாத்தியார் குனிந்து முகமூடியை எடுத்தார். மண்ணைத் தட்டி அவனிடம் நீட்டினார்.

மைரோன் வட்டத் தரையின் நடுவில் போய் நின்றான். முகமூடியை மாட்டினான். வீட்டு வாசலில் நின்று சொல்வது போலச் சொன்னான்.

"தாய்மார்களே, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இனி வருவதற்கு யாருமில்லை."

மேலே உளிச் சத்தம் நின்றது.